ஆங்கரேஜிலிருந்து சூவர்டுக்கு ரயிலில்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலாஸ்கா போகிற நம்மவர்களில் பலர் ஆங்கரேஜ் விமான நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேராகத் தெற்கே சூவர்ட் என்ற துறைமுக ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சாலையும் மிக அழகானதுதான். ஆனால் சாலையிலிருந்து பார்க்கவே முடியாத ஒரு பகுதி நடுவில் இருக்கிறது. போர்ட்டேஜ் என்ற இடம்வரை சாலையும் தண்டவாளமும் கடலோரமாகச் சேர்ந்தே போகும். அங்கே பிரிந்தால் மூஸ் பாஸ் என்ற சிற்றூரை நெருங்கும்போதுதான் மறுபடி சேரும். இடைப்பட்ட முப்பது மைலுக்குச் சாலையே கிடையாது. பனியாறுகளுக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே தண்டவாளம் மட்டும்தான் போகிறது. இந்தப் பயணத்துக்குக் காசு கொடுப்பது அந்த முப்பது மைலுக்காக. தேதி பார்ப்பது, இருக்கை எடுப்பது, எங்கே தங்குவது என்று எல்லாவற்றையும் அதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

ரயிலின் பெயர் கோஸ்டல் கிளாசிக். நடத்துவது அலாஸ்கா ரயில்ரோடு. தூரம் 114 மைல், அதாவது ஏறத்தாழ 184 கிலோமீட்டர். நாலே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். காலையில் ஏழு மணிக்கு முன்பே ஆங்கரேஜில் கிளம்பி பதினொரு மணி வாக்கில் சூவர்ட் சேரும். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு இரவு பத்தேகாலுக்குத் திரும்பி வரும். நேரங்கள் வருடத்துக்கு வருடம் சற்று மாறலாம், டிக்கெட்டில் இருப்பதையே நம்புங்கள்.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் இந்த ரயில் ஓடும். அதற்குள் எப்போது போனாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மாதத்துக்கு மாதம் கிடைப்பது வேறு. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மலைகளில் பனி நிறைய மிச்சமிருக்கும், அது உருகி வழிவதால் பார்க்கும் இடமெல்லாம் அருவிதான். ஜூன் நடுவில் ஆங்கரேஜில் சூரியன் மறைய இரவு பதினொன்றரைக்கு மேல் ஆகிறது. போகும்போதும் வரும்போதும் முழு வெளிச்சம் கிடைக்கும். ஜூலை பிற்பாதியும் ஆகஸ்டும் சால்மன் மீன்கள் ஏறி வரும் காலம். அவற்றைத் துரத்திக்கொண்டு பெலூகா திமிங்கலங்கள் கரையோரம் வரும். மழையும் அப்போது கூடுதல். செப்டம்பரில் மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது கடலோரத்தை இருட்டில்தான் கடப்பீர்கள். ஒரே ஒரு முறைதான் போகப்போகிறீர்கள் என்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசிக்குள் போங்கள் என்பேன்.

விசா விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு ஆங்கரேஜ் உள்நாட்டு விமானப் பயணம்தான். சியாட்டிலிலிருந்து மூன்றரை மணி நேரம். ஆனால் சூவர்டிலிருந்து வான்கூவருக்குக் கப்பலில் போவதோ, கார் ஓட்டிக்கொண்டே அலாஸ்கா வருவதோ உங்கள் திட்டத்தில் இருந்தால் கனடா விசாவும் வேண்டும். அதை வாங்க நாளாகும் என்பதால் முதலிலேயே கவனியுங்கள்.

டிக்கெட்

ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே எடுக்கலாம். இரண்டு வகுப்பு உண்டு. சாதாரண வகுப்புக்கு அட்வெஞ்சர் என்று பெயர். நீட்டி உட்கார நல்ல இருக்கை, பெரிய ஜன்னல், சிற்றுண்டிப் பெட்டி, எல்லோரும் முறை வைத்து ஏறிப் பார்க்கக் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு டோம் பெட்டி எல்லாம் இதிலேயே அடக்கம். கோல்ட்ஸ்டார் வகுப்பில் உங்கள் இருக்கையே கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருக்கும். மாடியில் வெளிக்காற்றில் நின்று பார்க்க ஒரு திறந்த மேடையும் உண்டு. உச்ச சீசனில் அட்வெஞ்சரில் ஒருவழிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டும், கோல்ட்ஸ்டார் அதைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அட்வெஞ்சர் தாராளமாகப் போதும். வயதான பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கிறீர்கள், அவர்களால் பெட்டி விட்டுப் பெட்டி நடக்க முடியாது, ஆனால் மாடிப்படி ஏறுவார்கள் என்றால் அவர்களுக்காகக் கோல்ட்ஸ்டார் எடுப்பது நியாயமான செலவு. ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பதிவு செய்யும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: அன்றே திரும்புவதா, சூவர்டில் தங்குவதா? காலை போய் மாலை திரும்புகிற ஒரே நாள் பயணம்தான் பலர் எடுப்பது. அதிகாலை எழுந்து நாலு மணி நேர ரயில், உடனே ஆறு மணி நேரப் படகு, மறுபடி நாலு மணி நேர ரயில். குழந்தைகள் படகிலேயே துவண்டுவிடுவார்கள், திரும்பும்போது பெரியவர்களும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். அந்த முப்பது மைலை இரண்டாவது முறை பார்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும். ஓர் இரவாவது சூவர்டில் தங்குங்கள். செலவு கையை மீறினால் போகும்போது ரயிலும் திரும்பும்போது பஸ்ஸுமாக வைத்துக்கொள்ளலாம். கோடையில் இரு ஊருக்கும் நடுவே பஸ்கள் ஓடுகின்றன, ரயிலைவிடச் சீக்கிரமாகவும் போய்ச் சேரும்.

பெயர்க் குழப்பம் ஒன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள். கிளேசியர் டிஸ்கவரி என்று வேறொரு ரயிலும் ஆங்கரேஜிலிருந்து தெற்கே போகிறது. அது விட்டியர் துறைமுகத்துக்குப் போவது. அதுவும் நல்ல பயணம்தான், ஆனால் சூவர்டுக்குப் போகாது.

காலை கிளம்பும்போது

ஆங்கரேஜில் ரயில் நிலையம் என்று வரைபடத்தில் தேடினால் இரண்டு வரும். விமான நிலையத்தை ஒட்டியிருப்பது கப்பல் பயணிகளின் தனி ரயில்களுக்கானது. நீங்கள் போகவேண்டியது ஊர் மையத்துக்குக் கீழே, ஷிப் கிரீக் ஓடைப் பக்கம் முதல் அவென்யூவில் இருக்கும் பழைய நிலையம். ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருங்கள். ஊர் மையத்தில் தங்கினால் நடந்தே போய்விடலாம், போகும்போது இறக்கம்தான்.

உடை பற்றி: ஜூலையிலும் பகல் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான். பனியாற்றுப் பக்கம் காற்று அதைவிடக் குளிராக வீசும். கனமான ஒரே கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும் மெல்லிய உடைகள் நல்லது. மேலே தண்ணீர் புகாத ஒரு ஜாக்கெட் கட்டாயம், சூவர்ட் மழைக்குப் பேர்போன ஊர். படம் எடுப்பவர்கள் கறுப்பு அல்லது அடர் நிறச் சட்டை போட்டுக்கொண்டால் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் உருவமே விழுந்து படத்தைக் கெடுக்காது. பைனாகுலர் வேண்டும், ஆளுக்கொன்று இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்றாவது.

சாப்பாடு: சிற்றுண்டிப் பெட்டியில் காலைப் பலகாரமும் காபியும் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அங்கே தேர்வு குறைவு. உங்கள் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், ஆட்சேபம் இல்லை. முதல் நாள் இரவே புளிசாதமோ சப்பாத்தியோ கட்டி வைத்துக்கொண்டால் காலையில் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். அந்த வரிசை நீளும் நேரத்தில்தான் வெளியே கடல் தொடங்கியிருக்கும்.

கடலோரம்

தெற்கே போகும்போது கடல் வலது கையில் இருக்கும், மலை இடது கையில். திரும்பும்போது கடல் இடப்பக்கம். வலப்பக்க இருக்கை கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தண்டவாள ஓரத்தில் மைல் எண் எழுதிய சிறு பலகைகள் நின்றுகொண்டே வரும். சூவர்ட் பூஜ்யம், ஆங்கரேஜ் 114. இந்தப் பாதையைப் போட ஆரம்பித்தது 1903இல், சூவர்டிலிருந்து. அதனால்தான் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. தெற்கே போகப்போக எண் குறையும். எங்கே என்ன பார்க்கவேண்டும் என்பதற்கு இந்த எண்களைவிட நல்ல துணை இல்லை. கோடையில் உள்ளூர் பள்ளி மாணவர்கள் பயிற்சி பெற்று இந்த ரயிலில் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேட்கவும் கேளுங்கள். ஆர்வமாகப் பதில் சொல்கிற பிள்ளைகள்.

மைல் 100 வாக்கில் பாட்டர் சதுப்பு நிலம் வரும். 1917 வாக்கில் ரயில் பாதைக்காகப் போட்ட மண்கரை ஓடைநீரைத் தடுத்ததால் உண்டான சதுப்பு இது. கோடையில் ஆர்க்டிக் ஆலாக்களும் வாத்துகளும் கூடும், சில நாள் மூஸ் மான் நின்று மேயும். இதைத் தாண்டியதும் டர்னகெய்ன் ஆர்ம் என்னும் குறுகிய கடற்கை தொடங்கும்.

வட அமெரிக்காவில் கடல் ஏற்ற இறக்கம் மிகப் பெரிய இடங்களில் இது ஒன்று. முப்பது அடிக்கு மேல் நீர்மட்டம் ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறுதான். அது பனியாறுகள் அரைத்துத் தள்ளிய மிக நுண்ணிய மண். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் காலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பின்னாடியே கடல் ஏறும். பிறகு காரில் இந்தப் பக்கம் வந்தாலும் ஒருபோதும் அந்தச் சேற்றில் இறங்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். ஆங்கரேஜில் நீர் வடிந்து முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்ற நீர் ஒரே அலையாகக் குறுக்கே எழுந்து இந்தக் கையின் ஊடாக ஓடி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது பெரிதாக இருக்கும். பயண நாளின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் எந்தக் கோலத்தில் கடலைப் பார்க்கப்போகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

பெலூகாவைத் தேடவேண்டியதும் இங்கேதான். குக் கடற்கழி என்று சொல்லப்படும் இந்தப் பகுதியின் பெலூகாக்கள் 2008இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டவை. இப்போது சில நூறுதான் மிச்சம். பழக்கமில்லாத கண்ணுக்கு முதலில் எல்லாமே அலை நுரையாகத் தெரியும். வித்தியாசம் இதுதான்: நுரை எழுந்த இடத்திலேயே உடைந்து கலைந்துவிடும். பெலூகாவின் வெள்ளை முதுகு மெதுவாக எழும், வளையும், மூழ்கும், கொஞ்சம் தள்ளி மறுபடி எழும். முதுகில் துடுப்பு நீட்டிக்கொண்டிருக்காது. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று எழுந்தால் அது குட்டி. நீர் ஏறுகிற நேரமும், ஜூலை பிற்பாதிக்கு மேலும் வாய்ப்பு அதிகம்.

இடப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நேரத்தில் டால் ஆடுகள். செங்குத்தான பாறைகளில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஜூன் வரை பனித்திட்டுகளும் அதே நிறத்தில் இருப்பதால் ஒரு புள்ளியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையாக இருந்து நகர்ந்தால் ஆடு.

மைல் 75இல் கிர்ட்வுட். அதற்கப்புறம் போர்ட்டேஜ் வரைக்கும், கடலை ஒட்டி இலையும் கிளையும் இல்லாத சாம்பல் நிற மரங்கள் கூட்டமாக நிற்பதைப் பார்ப்பீர்கள். 1964 மார்ச் 27 மாலை அலாஸ்காவை 9.2 அளவில் ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. நாலு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அதில் இந்தக் கரை பல அடி கீழே இறங்கிவிட்டது. கடல்நீர் புகுந்து வேர்களில் ஏறி மரங்கள் அத்தனையும் நின்றபடியே பட்டுப்போயின. உப்பு ஊறியதால் மட்கவும் இல்லை. போர்ட்டேஜில் ஒரு சிற்றூரே இருந்தது, அதைக் கைவிட்டுவிட்டார்கள். சூவர்டிலும் அன்று துறைமுகம் கடலுக்குள் சரிந்தது, எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஆழிப்பேரலையும் வந்தது. 2004இல் நம் கரையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மரங்களைச் சும்மா கடந்து போக முடியாது.

மைல் 64க்கு அப்புறம்

போர்ட்டேஜில் சாலை விலகியதும், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நில்லுங்கள். டோம் பெட்டிக்கு இதுதான் நேரம். ரயில் கிளம்பியதுமே எல்லோரும் அங்கே ஏறி இடம் பிடிப்பார்கள், கூட்டம் இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறச் சொல்வார்கள். கடலோரத்தை உங்கள் ஜன்னலிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம் என்பதால், டோம் முறையை மைல் 55க்கும் 42க்கும் நடுவே வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முக்கியமான காட்சிகள் இடப்பக்கம். வலப்பக்க இருக்கைக்காக வருந்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

முதலில் பிளேசர் ஆறு. கூழாங்கல் பரப்பில் நாலைந்தாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும், நீர் சிமென்ட் கரைத்தது போலச் சாம்பலாக இருக்கும். மைல் 53 பக்கம் ஸ்பென்சர் பனியாறு தூரத்தில் அகலமாக இறங்கி நிற்பது தெரியும். அப்புறம் ஏற்றம். நூறு அடிக்கு மூன்றடி உயர்வது ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம்தான். வேகம் குறையும், எஞ்சின் முனகும். அடுத்தடுத்துச் சுரங்கங்கள் வரும். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வெளிச்சம், உடனே மறுபடி இருட்டு. நடுவில் கிடைக்கும் சில நொடிகளில் கீழே அடி ஆழத்தில் பள்ளத்தாக்கில் ஆறு நுரைத்து ஓடுவதைப் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் எடுக்கத் தயாராகக் கேமராவைக் கையிலேயே வைத்திருங்கள்.

பார்ட்லெட் பனியாறு தண்டவாளத்துக்குக் கிட்டத்திலேயே வரும். பைனாகுலரில் அதன் வெடிப்புகளுக்குள் பாருங்கள். மேலே அழுக்கு வெள்ளை, உள்ளே போகப்போக நீலம். அழுந்தி இறுகிய பனிக்கட்டி ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுவதால் வரும் நிறம் அது. மேகமூட்டமான நாளில் இந்த நீலம் இன்னும் நன்றாகத் தெரியும், ஆகவே காலையில் வானம் மூடியிருந்தால் மனம் சோர வேண்டாம். மைல் 45இல் கிராண்ட்வியூ, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. அதற்கப்புறம் ட்ரெயில் பனியாறு, பிறகு இறக்கம்.

அட்வெஞ்சர் வகுப்பில் இருப்பவர்கள் பெட்டிகளுக்கு நடுவிலுள்ள வாசற்பகுதிக்கும் போகலாம். கண்ணாடி குறுக்கே இல்லாமல் படம் எடுக்க அதுதான் இடம், குளிர்காற்றும் அங்கேதான் முகத்தில் அடிக்கும். கையையும் தலையையும் வெளியே நீட்டாதீர்கள், பாறைகள் மிக நெருக்கமாக வருகின்றன.

கரடியைப் பார்ப்போமா என்று எல்லோரும் கேட்பார்கள். பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். மலைச்சரிவின் பச்சையில் கறுப்பாக ஏதாவது நகர்கிறதா என்று தேடுங்கள். மூஸ் மானை ஓடைக்கரை வில்லோ புதர்களில் தேடுங்கள். வெண்தலைக் கழுகுகள் பெரும்பாலும் கிடைத்துவிடும், தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தின் உச்சிதான் அவற்றுக்குப் பிடித்த இடம். விலங்கைக் கண்டால் பக்கத்திலுள்ளவர்களுக்குச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூஸ் பாஸ் தாண்டியதும் வலப்பக்கம் கீனாய் ஏரி வரும். பனியாற்று மண்துகள் கலந்ததால் பாலில் பச்சை கரைத்த நிறம். சூவர்ட் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் மூட்டை கட்ட அவசரப்படாதீர்கள்.

சூவர்டில்

நிலையம் ஊரின் வடக்கு ஓரத்தில், பெரிய கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில். படகுத்துறை நடந்து போகிற தூரம், பழைய ஊர் மையம் அதற்கும் தள்ளி. கோடையில் ஊருக்குள் ஷட்டில் பஸ் சுற்றி வரும்.

கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகும் ஆறு மணி நேரப் படகுகள் பலவும் ரயில் நேரத்தை ஒட்டி பதினொன்றரை வாக்கில் கிளம்புகின்றன. தங்குகிறவர்களுக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. வந்த அன்று எக்ஸிட் பனியாற்றுக்குப் போய்வாருங்கள், காரில் கொஞ்ச தூரம்தான். வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தந்த ஆண்டில் பனியாறு அதுவரை நீண்டிருந்தது என்று அர்த்தம். பலகைக்கும் இப்போதைய பனிக்கும் நடுவே நடந்து பார்த்தால் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பது காலுக்கே தெரியும். மழை கொட்டினால் அலாஸ்கா சீலைஃப் சென்டர் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. 1989 எண்ணெய்க் கப்பல் விபத்தின் இழப்பீட்டுப் பணத்தையும் கொண்டு கட்டப்பட்டு 1998இல் திறந்தது. காயம்பட்ட கடல் விலங்குகளுக்கு அங்கே சிகிச்சையும் நடக்கிறது.

மறுநாள் முழுக்கப் படகுக்கு. கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதப்பதையும், பாறைகளில் கடல் சிங்கங்கள் கிடப்பதையும், பஃபின் பறவைகளையும் பார்க்க வாய்ப்பு நிறைய. ஹம்ப்பேக், ஓர்கா திமிங்கலங்கள் அன்றன்றைய அதிர்ஷ்டம். விரிகுடாவை விட்டுத் திறந்த கடலுக்கு வரும் இடத்தில் படகு நன்றாகவே ஆடும். குமட்டலுக்கான மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஆட ஆரம்பித்தபின் போட்டால் பயனில்லை. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிவரும் குறைந்த நேரப் படகுகளும் உண்டு.

படகு ஐந்தரை மணி வாக்கில் கரை சேரும், ரயில் ஆறு மணிக்கு. பெட்டிகளைக் காலையிலேயே நிலையத்தில் ஒப்படைக்க முடியுமா என்று முதல் நாள் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டையும் மதியமே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது. மைல் 45 வரும்போது சிற்றுண்டிப் பெட்டி வரிசையில் நிற்க வேண்டியிராது. ஆங்கரேஜில் இறங்கியதும் நிலையத்திலிருந்து ஊர் மையம் ஏற்றம். பெட்டியும் தூங்கிப்போன குழந்தையுமாக இருந்தால் ரயில் கிர்ட்வுட்டைத் தாண்டும்போதே டாக்ஸிக்குச் சொல்லிவிடுங்கள்.